போர்க் கணக்கில் எழுதப்படாத வரிகள்: உலக அரசியலைப் பெண்ணியம் எப்படிப் படிக்கிறது?

உலக அரசியலில் பெண்ணியம் என்று பேச்செடுத்தால் ஒருவர் உடனே சொல்வார்: "பெண்கள் ஆண்டால் போரே இருக்காது." அடுத்தவர் மடக்குவார்: "மார்கரெட் தாட்சர் பிரிட்டன் பிரதமராக இருந்தபோதுதானே 1982-ல் ஃபாக்லாந்துப் போர் நடந்தது?" பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வாதிட்ட இருவருமே பெண்ணியப் பார்வையின் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்றுதான் இருவரும் பார்க்கிறார்கள். அந்த நாற்காலி யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது? அதில் உட்கார்பவர் எப்படிப் பேசினால் 'உறுதியானவர்' என்று பெயர் எடுக்கிறார்? பெண்ணிய ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு வீட்டுக் கணக்கு நோட்டு

ஒரு வீட்டின் வரவுசெலவு நோட்டில் சம்பளம், வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் எழுதியிருக்கும். சமைத்தது இருக்காது. துணி துவைத்தது, நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தது, குழந்தையைக் குளிப்பாட்டியது எதுவும் இருக்காது. இவற்றைச் செய்பவர் பத்து நாள் படுத்துவிட்டால் நோட்டில் புது வரிகள் முளைக்கும்: உணவகச் செலவு, சலவைச் செலவு, ஆள் கூலி. வேலை முன்பும் இருந்ததுதான். பணம் கைமாறாததால் எழுத்தில் ஏறவில்லை.

நாடுகளின் கணக்கும் இப்படித்தான். ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகிப் பணக் கணக்கில் ஏறிய பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பை மொத்த உள்நாட்டு உற்பத்தி என்கிறோம். ஏவுகணை செய்தால் அது கூடும். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்டால் கூடாது. சமையல், சுத்தம், குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது என மனிதரை அன்றாடம் உயிரோடும் நலத்தோடும் வைத்திருக்கும் வேலைகளைப் பராமரிப்பு உழைப்பு என்பார்கள். 64 நாடுகளின் நேரக் கணக்கெடுப்புகளை வைத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊதியமில்லாமல் நடக்கும் பராமரிப்பு உழைப்பு ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம், அதில் 76.2 சதவீதத்தைப் பெண்கள் செய்கிறார்கள் என்றது அது.

இந்தக் கணக்குமுறை எப்படி வந்தது, எதைத் தள்ளுகிறது என்று 1980-களில் விரிவாகப் பிரித்துக் காட்டியவர் நியூசிலாந்தின் மெரிலின் வாரிங். 1984-ல் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, அணு ஆயுதக் கப்பல்கள் பிரச்சினையில் தன் அரசுக்கு ஆதரவு தர மறுத்தவரும் அவர்தான். பிரதமர் உடனே தேர்தலை அறிவித்தார், அரசு தோற்றது. அடுப்படிக் கணக்கையும் அணு ஆயுதத்தையும் ஒரே ஆள் கையில் எடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எது மதிப்பு, எது மதிப்பில்லை என்ற ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் அவை.

பாலினம் என்றால் 'பெண்கள்' என்று பொருள் அல்ல

அதிகம் குழப்பும் சொல் இதுதான். உடல் சார்ந்தது பால். ஆண் இப்படி இருக்க வேண்டும், பெண் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் அதன்மேல் ஏற்றும் எதிர்பார்ப்புகளின் தொகுப்பு பாலினம். இந்த எதிர்பார்ப்புகள் சோடி சோடியாக வரும்: உறுதியும் மென்மையும், அறிவும் உணர்ச்சியும், காப்பவரும் காக்கப்படுபவரும். சோடியில் ஒன்று ஆணுக்கு, மற்றது பெண்ணுக்கு. அதோடு, ஆணுக்கென்று ஒதுக்கியது உயர்ந்தது என்ற தரவரிசையும் கூடவே வரும். "நாங்கள் என்ன கையில் வளையலா போட்டிருக்கிறோம்?" என்று மேடையில் முழங்கும்போது அங்கே ஒரு பெண்கூட இருக்க வேண்டியதில்லை. பெண்மை என்பது இழிவு என்ற நினைப்பு மட்டும் இருந்தால் போதும், கூட்டம் கை தட்டும்.

இது மேடைப் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கரோல் கோன் 1980-களில் அணு ஆயுத உத்தி வகுப்பவர்களிடையே இருந்து அவர்களின் பேச்சைக் கவனித்தார். ஓர் இயற்பியலாளர் அவரிடம் சொன்ன சம்பவம் இது. அணுத் தாக்குதலின் மாதிரிக் கணக்கைச் சக ஆய்வாளர்களோடு திருத்திக்கொண்டிருந்தார்கள். உடனடி இறப்பு 3 கோடியே 60 லட்சத்திலிருந்து 3 கோடியாகக் குறைந்தது. "மூன்று கோடிதான், நல்லது" என்ற தொனியில் பேச்சு போனது. திடீரென்று அவருக்கு உறைத்தது. மூன்று கோடி மனிதர்கள் சாவதைப் பற்றி நாம் பேசும் விதத்தைப் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொன்னார். அறையே மௌனமானது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தான் ஒரு பெண்ணைப் போல உணர்ந்ததாக அவர் பின்னர் கோனிடம் சொன்னார்.

இந்தச் சம்பவத்தை இரண்டு முறை படிக்கலாம். பேசியவர் ஆண், அறிவியலாளர், அந்தத் துறையின் உள்ளாள். ஆனாலும் இறந்தவர்களைப் பற்றிப் பேசிய அந்தக் கணத்தில் 'உணர்ச்சி' என்ற பக்கத்துக்குத் தள்ளப்பட்டார். இனி அதைப் பேச மாட்டார். அந்த மேசையில் ஒரு கருத்து வாதத்தால் தோற்கவில்லை, வெட்கத்தால் வெளியேறியது. பாலினம் கொள்கையைத் தீர்மானிப்பது இந்த வழியில்தான். அதே மேசையில் ஒரு பெண்ணை உட்கார வைத்தாலும், அவரும் இதே பேச்சைக் கற்றுக்கொண்டால்தான் அங்கே நீடிக்க முடியும். தாட்சர் வாதத்துக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை பார்த்தவை இரண்டு: கணக்கில் வராத உழைப்பு ஒன்று, எது 'உறுதி' எது 'பலவீனம்' என்று முன்கூட்டியே முத்திரை குத்தும் தரவரிசை மற்றொன்று. இனி வருபவை எல்லாம் இந்த இரண்டின் வேலைதான்.

இராணுவமயமாக்கல்: பாசறைக்கு வெளியே நடப்பது

சிக்கல்களுக்குப் படையே இயல்பான தீர்வு, படைவீரரே முழுமையான குடிமகன் என்ற நம்பிக்கை இராணுவவாதம். அந்த நம்பிக்கை ஒரு சமூகத்தின் பள்ளி, விளம்பரம், வேலைவாய்ப்பு, குடும்பம் ஆகியவற்றுக்குள் படிப்படியாக இறங்கும் போக்கு இராணுவமயமாக்கல். முன்னதை ஒரு நாட்டின் பட்ஜெட்டில் ஓரளவு பார்க்கலாம். ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் உலக இராணுவச் செலவு சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். பின்னது எந்தப் பட்ஜெட்டிலும் தெரியாது. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் சிந்தியா என்லோ. அவருடைய முறை எளிது: ஒரு படைத்தளத்தைப் பார்த்தால், அது நாளை காலை இயங்க வேண்டும் என்றால் யார் யார் என்னென்ன செய்தாக வேண்டும் என்று கேட்பது.

கேட்டுப் பாருங்கள். வீரர்கள் மாற்றலாகும்போதெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போகும் மனைவி வேண்டும். துணி துவைக்க, சமைக்க, அலுவலகம் துடைக்கக் குறைந்த கூலிக்கு உள்ளூர்ப் பெண்கள் வேண்டும். மகனை அனுப்பிவைத்து, அழாமல் நின்று, 'வீரத்தாய்' என்ற பட்டத்தை வாங்கிக்கொள்ளும் தாய் வேண்டும். வாயிலுக்கு வெளியே மது விடுதிகளும் பாலியல் தொழிலும் இருக்கும். இவற்றில் எதுவும் தானாக நடப்பதில்லை. அதிகாரிகள் திட்டமிட்டு நடத்துகிறார்கள்.

தென்கொரியா இதற்குத் தெளிவான சான்று. 1971-ல் அமெரிக்கா தன் படையில் ஒரு பகுதியை அங்கிருந்து விலக்கியது. மீதமும் போய்விடுமோ என்று அஞ்சிய தென்கொரிய அரசு, தளங்களைச் சுற்றியிருந்த விடுதி ஊர்களைத் 'தூய்மைப்படுத்தும்' இயக்கத்தைத் தொடங்கியது. அங்கே பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பதிவு செய்யப்பட்டார்கள். அமெரிக்க வீரர்களுக்கு நோய் தொற்றாமலிருக்கக் கட்டாய மருத்துவப் பரிசோதனைகள் நடந்தன. தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். நாட்டுக்கு டாலர் ஈட்டித் தருகிறீர்கள், இது தேசப்பற்று என்று அவர்களுக்குப் பாடமும் நடத்தப்பட்டது. இரு நாடுகளின் கூட்டணியைப் பற்றிய பாடநூல்களில் தலைவர்களும் ஒப்பந்தங்களும் இருப்பார்கள், இந்தப் பெண்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டணியைத் தக்கவைக்கும் வேலையில் ஒரு பங்கு அவர்கள் உடலின்மேல் நடந்தது. 2022 செப்டம்பரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் இதற்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தப் பெண்களில் பலர் முதுமையை அடைந்துவிட்டார்கள், பலர் இறந்தும் போனார்கள்.

இந்த அமைப்புக்கு அடித்தளம் 'காப்பவர் – காக்கப்படுபவர்' என்ற சோடி. இருட்டியபின் வெளியே போகாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆபத்து வெளியே இருக்கிறது, கட்டுப்பாடு அவளுக்கு விழுகிறது. நாட்டின் பாதுகாப்பு என்ற பேச்சும் இதே வடிவில்தான் வருகிறது. உங்களைக் காக்கிறோம், ஆகவே கேள்வி கேட்காதீர்கள் என்கிறது. பாதுகாப்பு என்பதை எல்லையைக் காப்பது என்று மட்டும் சுருக்காமல், அச்சமும் பசியும் வீட்டு வன்முறையும் இல்லாமல் வாழ்வது என்றும் அளக்க வேண்டும் என்று 1990-களிலேயே ஆன் டிக்னர் போன்ற பெண்ணிய ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த அளவுகோலை எடுத்தால், எதிரி எவருமில்லாத நாட்டிலும் பாதுகாப்பில்லாத மக்கள் இருப்பது தெரியவரும்.

கேட்காத கேள்வி குற்றப்பத்திரிகையில் ஏறாது

போரில் பாலியல் வன்முறை என்றைக்கும் இருந்தது. அதைப் போரின் தவிர்க்க முடியாத பக்கவிளைவு என்று நினைத்ததால் விசாரணைகளில் பெரும்பாலும் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்ததைக் கொரியாவின் கிம் ஹாக்-சுன் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே சொன்னது 1991 ஆகஸ்டில். நடந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

கேள்வி கேட்பதால் என்ன மாறும் என்பதற்கு ருவாண்டா வழக்கைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1994 இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில், தபா என்ற பகுதியின் மேயர் ஜான்-பால் அகயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற சொல்லே கிடையாது. வேறு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண் தன் ஆறு வயது மகளுக்கு நடந்த கொடுமையைச் சொன்னார். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை அதைக் கடந்துபோக விடாமல் மேலும் கேட்டார். இன்னும் சாட்சிகள் பேசினார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ல் வந்த தீர்ப்பு, ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்முறை இனப்படுகொலைச் செயலாகும் என்று சர்வதேசச் சட்டத்தில் முதன்முறையாக வரையறுத்தது.

பெண் நீதிபதி இருந்ததால்தானே, அப்படியானால் நாற்காலிதானே முக்கியம் என்று கேட்கலாம். நாற்காலியும் வேண்டும்தான். ஆனால் பேசத் துணிந்த சாட்சிகளும், இது குற்றம்தான் என்று வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்த பெண்கள் அமைப்புகளும், கேட்பது தன் வேலை என்று நினைத்த நீதிபதியும் சேர்ந்தபோதுதான் சட்டம் நகர்ந்தது.

தீர்மானம் 1325: என்ன தந்தது, எங்கே நின்றது

பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய இந்தத் தீர்மானத்தை 2000 அக்டோபர் 31-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒருமனதாக நிறைவேற்றியது. நான்கு தூண்கள் என்று சொல்வார்கள்: அமைதிப் பேச்சுகளில் பெண்களின் பங்கேற்பு, போர்க்காலப் பாதுகாப்பு, போரைத் தடுத்தல், நிவாரணமும் மீட்பும். இதைச் செயல்படுத்தச் சொந்தச் செயல்திட்டம் தயாரிக்குமாறு நாடுகள் பின்னர் ஊக்குவிக்கப்பட்டன. முதலில் தயாரித்தது டென்மார்க், 2005-ல்.

நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். செயல்திட்டம் இருக்கும், அதற்கென நிதி ஒதுக்கீடு இருக்காது. பாதுகாப்பு என்ற தூண் மட்டும் உயரும், போரைத் தடுத்தல் என்ற தூண் குட்டையாகவே நிற்கும். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 12 நாடுகளிலிருந்து 1,100-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடினார்கள். போரை நிறுத்துங்கள், ஆயுதங்களைக் குறையுங்கள், தொடர்ந்து சமரசம் பேசுங்கள் என்று கேட்டார்கள். போரைப் பெண்களுக்குப் பாதுகாப்பானதாக ஆக்குங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தீர்மானங்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உலகமயமாக்கல்: 'இயல்பான' விரல்களின் விலை

மூலதனம், பொருள், உழைப்பு ஆகியவை எல்லைகளைத் தாண்டி ஒரே சந்தையாக இணையும் போக்கு உலகமயமாக்கல். இங்கே கணக்கு நோட்டு மறுபடியும் வருகிறது.

1970-களில் வரிச்சலுகை தந்து உருவாக்கப்பட்ட ஏற்றுமதி மண்டலங்களில் ஆடையும் மின்னணுப் பொருளும் செய்ய இளம் பெண்களையே எடுத்தார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே விரல்கள் லாகவமானவை, பொறுமை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1981-ல் இந்தக் காரணத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். விரல் லாகவம் பிறவியில் வருவதில்லை. சிறு வயதிலிருந்து வீட்டில் தாயிடமும் உறவினரிடமும் தையலும் கைவேலையும் கற்றதால் வருகிறது. அது பல ஆண்டுப் பயிற்சி. ஆனால் சான்றிதழ் இல்லாமல் வீட்டுக்குள் நடந்த பயிற்சி என்பதால் அதற்கு 'இயல்பு' என்று பெயர். இயல்புக்குச் சம்பளம் கிடையாது, திறனுக்குத்தான் உண்டு. திறனுள்ள தொழிலாளி இப்படித்தான் 'திறனற்ற தொழிலாளி' என்ற கூலிப்பட்டியலில் ஏறினார்.

மலிவு என்பது கூலியோடு நிற்பதில்லை. 2013 ஏப்ரல் 23-ல் டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா கட்டிடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். கட்டிடம் இடிந்தது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல், பெரும்பாலோர் பெண்கள். ஒரே கட்டிடம், ஒரே விரிசல். யாருடைய அச்சத்துக்கு மதிப்பு இருந்தது, யாருடையதற்கு இல்லை என்பது மாடி எண்ணிலேயே தெரிந்தது.

அடுத்தது பராமரிப்புச் சங்கிலி. பணக்கார நாட்டில் வேலைக்குப் போகும் ஒரு குடும்பம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்துகிறது. அந்தப் பெண் தன் குழந்தைகளை இன்னும் குறைந்த கூலிக்கு ஒருவரிடம் விடுகிறார். அந்த மூன்றாமவரின் குழந்தைகளை அவருடைய மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள், கூலியில்லாமல். சங்கிலியில் கீழே போகப்போகக் கூலி குறைந்து கடைசியில் பூஜ்யமாகிறது. முதல் வீட்டில் வேலைப் பங்கீடு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மாறவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை பெண்ணிடமிருந்து பெண்ணுக்கே கைமாறியது. வீட்டுப் பணியாளர்களுக்கு வாராந்திர ஓய்வு, எழுத்துப்பூர்வ வேலை விதிகள் ஆகியவற்றைக் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-ல்தான் வந்தது.

கடன் பட்ட நாடுகளுக்கு 1980-களில் விதிக்கப்பட்ட கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டங்களும் இதே தடத்தில் ஓடின. கடன் தருபவர், செலவைக் குறை என்று நிபந்தனை போடுவார். மருத்துவமனையில் ஊழியர் குறைவர், கட்டணம் வரும். நோயாளி சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பப்படுவார். மிச்ச நாள் மருத்துவப் பணி வீட்டுக்குள் நடக்கும். அரசின் நோட்டில் அது சேமிப்பு, வீட்டின் நோட்டில் அது இல்லவே இல்லை.

சுருக்கமாக: படைத்தளம், தொழிற்சாலை, கடன் ஒப்பந்தம் மூன்றும் தனித்தனித் துறைகளாகத் தெரிந்தாலும், மூன்றும் செலவின் ஒரு பகுதியைக் கணக்கில் வராத இடத்துக்குத் தள்ளியே ஓடுகின்றன.

பெண்களின் பெயரால் நடக்கும் போர்

இந்தப் பார்வையைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். 2001-ல் அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மீது படையெடுத்தபோது, அங்குள்ள பெண்களை விடுவிப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தாலிபான் ஆட்சியில் அவர்கள் பட்ட கொடுமை உண்மை. ஆனால் அவர்களே அமைத்துக்கொண்ட இயக்கங்கள் என்ன கேட்டன என்பதைப் படையெடுத்தவர்கள் முதலில் கேட்கவில்லை. 'மூன்றாம் உலகப் பெண்' என்று எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்து, குரலற்ற பலியாக மட்டும் காட்டும் போக்கைச் பெண்ணிய ஆய்வாளர் சந்திரா தல்பாடே மொஹந்தி 1980-களிலேயே விமர்சித்திருந்தார். மேற்கத்தியப் பெண்ணியமும் அந்த விமர்சனத்துக்குத் தப்பவில்லை. காப்பவர் – காக்கப்படுபவர் சோடி நாடுகளுக்கிடையேயும் வேலை செய்யும்.

சுவீடன் 2014-ல் 'பெண்ணிய வெளியுறவுக் கொள்கை' என்று அறிவித்த முதல் நாடு. ஆயுத ஏற்றுமதியை மட்டும் அது நிறுத்தவில்லை. 2022-ல் ஆட்சி மாறியதும் அந்தப் பெயரும் கைவிடப்பட்டது.

ஓர் ஒப்பந்தத்தை இப்படிப் படிக்கலாம்

அடுத்த முறை ஓர் அமைதி ஒப்பந்தத்தின் செய்தி வந்தால், கையெழுத்திட்டவர்களின் புகைப்படத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவதோடு நிற்க வேண்டாம். ஆயுதக் களைவு பற்றிய பகுதிக்குப் போங்கள். 'போராளி' என்பவர் யார் என்ற வரையறையைத் தேடுங்கள். பயிற்சியும் உதவித்தொகையும் யாருக்குக் கிடைக்கும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஆயுதத்தை ஒப்படைப்பதுதான் பதிவுக்கு வழியாக இருந்தது. பல இடங்களில் துப்பாக்கியைக் கழற்றி மாட்டியும் காட்ட வேண்டியிருந்தது. கடத்தப்பட்டு, படைக்குச் சமைத்து, சுமை தூக்கி, தளபதிகளுக்குக் கட்டாய 'மனைவி'யாக்கப்பட்ட சிறுமிகளில் பலரிடம் துப்பாக்கி இல்லை. வைத்திருந்த சிலரிடமிருந்தும் தளபதிகள் அதைப் பிடுங்கி ஆண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். போராளி என்ற பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை. பயிற்சியோ உதவித்தொகையோ இல்லாமல், பலர் கைக்குழந்தையோடு, ஊர் ஏற்குமா என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

பக்கத்து நாடான லைபீரியாவில் 2003-ல் போர் முடிந்தபோது இந்தத் தவறு பேசப்பட்டிருந்தது. அங்கே 'ஆயுதப் படைகளோடு இணைந்திருந்த பெண்கள்' என்று தனி வகை சேர்க்கப்பட்டது. சமையலும் சுமையும் தகுதியாக ஏற்கப்பட்டன. பதிவான 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள்.